‘இலக்குக்கும் வேட்டைக்கும்’: .22 ரைபிள் தேர்வில் ஒட்டிக்கொண்ட ஓர் ‘உம்’

‘இலக்குச் சுடுதலுக்கும் வேட்டைக்கும் ஏற்ற, துல்லியமான .22 ரைபிள் எது?’ இவ்வினா அமெரிக்காவில் எழுந்தால் அதில் குறைகாண ஏதுமில்லை. காலையில் தாள் இலக்கைச் சுட்ட அதே ரைபிளுடன், உரிய பருவத்தில், மாலையில் அணில் வேட்டைக்குச் செல்வது அங்கே சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் அனைத்தும் அந்த வாழ்க்கையைக் கருதியே எழுதப்பட்டவை. அதே வினா சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தில், நிலக்கடலைக் கொல்லைக்கு இரவுக் காவல் இருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவரிடமிருந்து வருவதாகக் கொள்வோம். வினாவின் சொற்கள் மாறவில்லை; ஆனால் ‘இலக்குக்கும் வேட்டைக்கும்’ என்று இரண்டையும் பிணைக்கும் எண்ணும்மை அந்த மண்ணில் பொய்யாகிவிடுகிறது. இந்தப் பிணைப்பை அறுக்காமல் கொடுக்கப்படும் எந்தப் பரிந்துரையும், அது எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், தவறான ரைபிளையே கைகாட்டும்.

ஊரின் பெயரிலிருந்து தொடங்கலாம். தெலுங்கில் ‘வெதுரு’ என்பது மூங்கில். சங்கத் தமிழின் ‘வெதிர்’ அதன் உடன்பிறப்பு. அங்கு வாழ்வோரில் பலருக்கு இரு மொழியும் வாய்மொழி. அவர்கள் தமிழில் ‘குறி’ என்பதையே தெலுங்கில் ‘குரி’ என்கிறார்கள். இரு மொழியிலும் அச்சொல் சுடப்படும் பொருளையும் குறிக்கும், சுடுபவரின் பார்வை நிலைகொள்வதையும் குறிக்கும். ‘துப்பாக்கி’யோ துருக்கியச் சொல் ஒன்றின் வழியாக இரு மொழிக்கும் வந்து சேர்ந்தது, உள்ளே வரிப்பள்ளம் உள்ள குழலையும் இல்லாத குழலையும் அது வேறுபடுத்துவதில்லை. ஐரோப்பிய மொழிகளில் ‘ரைபிள்’ என்ற பெயரே குழலின் உட்சுவரில் திருகுபோல் கீறப்பட்ட பள்ளத்திலிருந்து பிறந்தது. இந்த வேறுபாட்டுக்குத் தனிச்சொல் இல்லாமற்போனது சிறு குறைபோலத் தோன்றலாம். சட்டத்தைப் படிக்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், இயற்றப்பட்ட வடிவில், உரிமம் வழங்கும் பதின்மூன்றாம் பிரிவில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதியது. பயிர்க் காப்புக்கு என்றால் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாதென்று உரிமம் வழங்கும் அலுவலர் கருதினால், வரிப்பள்ளம் இல்லாத வேறொரு குழல் துப்பாக்கி. .22 ரைபிளோ, மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கழகத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது. இரண்டும் வெவ்வேறு உட்பிரிவுகள். இடையில் நிற்கும் சொல் ‘அல்லது’. ஆங்கில வழிகாட்டிகள் ‘உம்’ போட்டுச் சேர்த்ததை இந்தியச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பிரித்து வைத்துவிட்டது. அதன் பின் 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டையின் கதவை ஏறத்தாழ முழுமையாக மூடியது. அச்சட்டத்தில் ‘வேட்டை’யின் வரையறை அகராதி தருவதைவிட அகலமானது: கொல்லுதல் மட்டுமன்று, பிடித்தல், கண்ணி வைத்தல், காயப்படுத்துதல், அவற்றுக்கு முயலுதல் எல்லாம் அதில் அடங்கும். முயலும் கௌதாரியும் இதற்குள்தான் வருகின்றன. எனவே ‘சிறு வேட்டைக்கு ஒரு .22’ என்ற எண்ணம் வெதுருகுப்பத்தில் சட்டப்படி செல்லாது. சேஷாசலத்தையோ கௌண்டின்யாவையோ ஒட்டி வாழ்வோருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சரணாலய எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் புதிய படைக்கல உரிமம் வேண்டுமானால் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் முன்னிசைவு தேவை.

சட்டம் சொல்வதால் மட்டும் பிரிக்க வேண்டும் என்பதன்று இங்கே வாதம். சட்டமே இல்லாத ஒரு தீவிலும் இலக்கு ரைபிளும் வேட்டை ரைபிளும் ஒன்றாக இருக்க இயலாது. ‘துல்லியம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரு பொருள் ஒளிந்திருக்கின்றன. பதினோராம் வகுப்பு இயற்பியல் படித்தவர்கள் நினைவுகூரலாம்: உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பது துல்லியத்தன்மை, மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஒரே மதிப்பு வருவது நுட்பம். இலக்குச் சுடுபவருக்கு முதன்மையாக வேண்டியது நுட்பம். அவருக்குப் போட்டி தொடங்கும் முன் சோதனைச் சுடல்கள் உண்டு. பத்துக் குண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் போதும், அந்த இடம் ஓரத்தில் இருந்தால் குறிக்கருவியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். வேட்டைக்காரருக்குச் சோதனைச் சுடல் கிடையாது. குளிர்ந்த குழலிலிருந்து, அளந்தறியாத தொலைவில் போகும் முதல் குண்டே அவருடைய ஒரே குண்டு. அது பிழைத்தால் தாளில் ஒரு மதிப்பெண் குறைவதில்லை. ஓர் உயிர் குடல் கிழிந்து புதருக்குள் ஓடுகிறது.

.22 தோட்டாவின் இயல்பை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று உலகெங்கும் பயன்படும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவில் உருவானது. அதன் வெடிப்பூட்டும் மருந்து பித்தளைக் கூட்டின் நடுவில் இராது. அடிவிளிம்பின் மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கும். சுடுமுள் அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றுகிறது. விளிம்புத்தீத் தோட்டா என்று அதை அழைக்கலாம். இந்த அமைப்பின் விளைவு ஒன்றைத் தொடக்கநிலையினர் உணர்வதில்லை. பெரிய ரைபிள்களின் தோட்டாக்களில் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பி, மருந்தைத் தம் குழலுக்கு ஏற்றவாறு எடைபோட்டுச் சரிசெய்பவர்கள் உண்டு. விளிம்புத்தீத் தோட்டாவில் அதற்கு வழியில்லை. ஆலை கொடுத்ததே முடிவு. ஆலையிலோ ஒவ்வொரு தொகுதியும் சற்றே வேறுபடும்.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். போட்டித் தோட்டா வினாடிக்கு 320 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் கிளம்புகிறது. ஒரு தோட்டா 320 மீட்டரிலும் அடுத்தது 330 மீட்டரிலும் சென்றால், 50 மீட்டர் கடப்பதற்குள் புவியீர்ப்பு அவற்றுக்கிடையே ஏறத்தாழ 7 மி.மீ. செங்குத்து இடைவெளியை உண்டாக்கிவிடும். 50 மீட்டர் பன்னாட்டு இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான். அதாவது சுடுபவரின் மூச்சோ கையோ சிறிதும் பிசகாத நிலையிலும், தோட்டாவின் சீரின்மை மட்டுமே குண்டை அந்த வட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப் போதுமானது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். போட்டித் தோட்டாக்கள் அதற்குக் கீழேயே நிறுத்தப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒலிவேகத்தைக் கடந்து கிளம்பும் குண்டு வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது தடுமாறுகிறது. ‘அதிவேகம்’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குபவர் பெரும்பாலும் துல்லியத்தை விற்று ஓசையை வாங்குகிறார்.

ஆகவே ‘எந்த ரைபிள் துல்லியமானது’ என்ற வினாவே இலக்கணப் பிழையுடையது என்று சொல்லத் தோன்றுகிறது. துல்லியம் ரைபிளின் பண்பன்று. ஒரு குழலுக்கும் ஒரு தோட்டாத் தொகுதிக்கும் இடையிலான உறவு. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரு குழல்கள் வெவ்வேறு தொகுதிகளை விரும்பும். இங்கிலாந்தின் ஈலியும் பின்லாந்தின் லாபுவாவும் இதற்கெனவே சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. போட்டியாளர் தம் ரைபிளைக் கொண்டுசென்று கவ்வியில் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, நன்றாக விழுந்த தொகுதியை எண் சொல்லி வாங்கிச் செல்கிறார். இந்தியாவின் சிறு கழகம் ஒன்றின் உறுப்பினருக்கு இது எட்டாக் கனி. ஆனால் கிடைக்கும் இரண்டு மூன்று வகைகளை ஒரே நாளில் தாங்கியின் மீது வைத்துச் சுட்டு ஒப்பிட்டு, ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கிவைப்பது அவருக்கும் முடியும், உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள். விலையுயர்ந்த ரைபிளில் பொருந்தாத தோட்டாவைப் போடுவதைவிட நடுத்தர ரைபிளில் பொருந்திய தோட்டா மேல்.

ஒப்பிடும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆய்வுமுறை படித்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள். மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒரு நாணயத்துக்குள் அடங்கிய தாளைப் படமெடுத்துக் காட்டுவது ரைபிள் விற்பவர்களின் வழக்கம். சிதறல் இயல்புப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், அதே ரைபிள், அதே தோட்டாவால் பத்துக் குண்டு சுடும்போது மிக விலகிய இரு துளைகளுக்கிடையிலான தொலைவு, மூன்று குண்டுத் தொகுப்பில் இருப்பதைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல். மூன்று குண்டுத் தாள் எதையும் நிறுவுவதில்லை. பல தாள்களில் நல்லதொன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால் அது சான்றுகூட அன்று. பத்துப் பத்தாக ஐந்து தாள், எதையும் ஒதுக்காமல். ஆய்வேட்டின் தரவுப் பகுதிக்கு எதிர்பார்க்கும் நேர்மையை ரைபிளிடமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இனி ரைபிளின் உடலுக்கு வருவோம். குழல் நீளம் பற்றிய பெருமை வீண். .22 தோட்டாவின் மருந்து ஏறத்தாழ 40–45 செ.மீ. நீளத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட நீளம், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தொலைவைக் கூட்டிப் பார்வைப் பிழையைக் குறைக்கத்தான். தோட்டா அமரும் அறை இறுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறதா, பின்கட்டை தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்ப நகர்த்தி அமைக்கக்கூடியதா, விசை நடுக்கமின்றி ஒரே அழுத்தத்தில் விடுகிறதா என்ற மூன்றும் பெயர்ப்பலகையைவிட முதன்மையானவை. செருமனியின் ஆன்ஷுட்ஸ், வால்டர், ஃபைன்வெர்க்பாவ் ஆகியவற்றின் பெயர்கள் போட்டிக் களங்களில் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் மந்திரமன்று. இந்த மூன்றிலும் அவை காட்டும் சீர். அதே செருமானிய ரைபிள் கட்டை பொருந்தாத தோளில் அமர்ந்தால், கழகத்தில் ஏற்கெனவே பலர் கைபட்டுத் தேய்ந்த பழைய ரைபிளிடமும் தோற்கும்.

மேலே சொன்னவற்றை வேட்டைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் தலைகீழாகும். பன்னாட்டு 50 மீட்டர் போட்டியில் ரைபிளின் எடைக்கு வரம்பு 8 கிலோ. கனம் அங்கே நிலைப்பு. காட்டு வரப்பில் நடப்பவருக்கு மூன்று கிலோவே பாரம். போட்டி ரைபிளின் விசை விரலின் எண்ணத்துக்கே விடும் அளவு மெல்லியது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முள்வேலி தாண்டுவது தற்கொலைக்குச் சமம். போட்டியில் தொலைநோக்கிக் குறிக்கு இடமில்லை, சிறுதுளைக் குறிகள்தாம். வேட்டைக்கு அந்தி வெளிச்சத்தில் துளைக்குறி குருடு. போட்டியில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட வேண்டும். இரண்டுக்கும் ‘ஏற்ற’ ரைபிள் என்று விற்கப்படுவது, எடையிலும் விசையிலும் குறியிலும் பாதி வழியில் நின்றுவிட்ட ஒன்று. இலக்குப் போட்டியில் அதனால் தேற முடியாது. வேட்டையில் அது என்ன செய்யும் என்பதைக் காட்டுப்பன்றியை வைத்தே பார்க்க வேண்டும், ஏனெனில் சித்தூர்ப் பக்கத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லின் பின்னால் நிற்பது பெரும்பாலும் அதுதான்.

நிலக்கடலை காய்பிடிக்கும் காலத்தில் ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவில் செய்யும் அழிவை நகரத்திலிருந்து ஆய்வு செய்பவர்கள் எளிதில் மதிப்பிட்டுவிட முடியாது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் நிற்க, செடி மட்டும் வேரோடு புரண்டு கிடக்கும். பரணில் தகரம் தட்டி விழித்திருக்கும் உழவருக்கு ரைபிள் பற்றிய ஆசை பிறப்பதை ஒழுக்கப் பிழையாகப் பார்ப்பது அறியாமை. ஆனால் அந்த ஆசை .22இன் மேல் விழுவதுதான் துயரம். சாதாரண வேகத் தோட்டா குழலின் வாயைவிட்டுக் கிளம்பும்போது சுமந்துசெல்லும் ஆற்றல் சுமார் 140 ஜூல். ஆன்ஷுட்ஸும் வால்டரும் பிறந்த அதே செருமனியில், காட்டுப்பன்றியைச் சுடுவதற்குச் சட்டம் விதிக்கும் குறைந்த அளவு 6.5 மி.மீ. குழலும், 100 மீட்டர் தொலைவில் 2000 ஜூல் ஆற்றலும். வாய்முனையிலேயே .22 அதில் பதினான்கில் ஒரு பங்குதான் தருகிறது. அத்தகைய குண்டு பன்றியின் தோளில் பட்டால் அது சாவதற்குப் பல நாள் ஆகலாம். வலியில் வெறிகொண்டு மறுநாள் கொல்லைக்கு வரும் பெண்களின் மீது பாயவும் கூடும். குறி தவறிய குண்டோ ஒன்றரை கிலோமீட்டர் வரை செல்லவல்லது. வெதுருகுப்பத்தில் அந்தத் தொலைவுக்குள் அடுத்த குப்பம் இருக்கும்.

திருப்பதியை ஒட்டிய சாமலா பள்ளத்தாக்கில் ஆட்கொல்லிப் புலியைத் தேடியதாக எழுதிய கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அந்த வகை எழுத்துகளைப் படித்து வளர்ந்தவர்கள் ரைபிளின் கவர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அளவை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலமும் முடிந்துவிட்டது, அது முடிந்ததற்கு வருந்தவும் தேவையில்லை.

பன்றிச் சிக்கலுக்கு விடை தனியாரின் .22இல் இல்லை என்பதை அண்டை மாநிலங்கள் ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டன. கேரளம் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கு, விளைநிலத்தில் நுழையும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை வழங்கியது. சுடுபவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம் என்று வகுத்தது. இரண்டிலும் நடைமுறைக் குறைகள் உண்டு. குறிப்பாகத் தமிழ்நாட்டு ஏற்பாட்டில், அழைப்புக்கும் ஆள் வருவதற்கும் இடையே விளைச்சல் போய்விடும் என்ற உழவர்களின் முறையீடு நியாயமானது. இருந்தும், கொல்வது என்ற செயலை அதற்குரிய கருவியும் பொறுப்பும் உள்ள கையில் வைப்பது, கொல்லைக்குக் கொல்லை மின்கம்பி இழுத்து யானையும் மனிதரும் சாவதைவிட மேல். பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் வடக்கே மாநில எல்லையைத் தாண்டினால் பன்றியின் பழக்கம் மாறுவதில்லை. வெதுருகுப்பத்து உழவர் கேட்க வேண்டியது ரைபிள் உரிமத்தை அன்று; இத்தகைய ஏற்பாட்டையும் காலந்தாழ்த்தாத இழப்பீட்டையும். அந்தக் கோரிக்கையை முன்வைக்கக் கல்விப்புலம் துணைநிற்காமல், உழவரை வெறுமனே சட்டமீறியாகச் சித்திரிப்பது வசதியான மௌனம்.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது? ‘வேட்டைக்கும்’ என்பதை நீக்கிவிட்டால் வினா எளிதாகிறது. அதற்கு மகிழ்ச்சியான விடையும் இருக்கிறது. கோலாப்பூர் மாவட்டத்தின் கம்பல்வாடி என்னும் சிற்றூரிலிருந்து வந்த சுவப்னில் குசாலே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், சிஃப்ட் கௌர் சம்ரா அதே வகைப் போட்டியின் மகளிர் பிரிவில் 469.6 என்ற உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். இருவரின் கையிலும் இருந்தது விளிம்புத்தீ .22தான். அத்தோட்டா பெருமையோடு செய்யக்கூடிய வேலை அது.

ஆனால் அந்த இடத்துக்கும் வாசற்படி .22 அன்று. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் 0.177 அங்குலத்துக்கு மிகாத குழலும் உடைய காற்று ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. 10 மீட்டர் இடம் போதும். இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர். ஓராண்டு அதில் நின்ற பிறகு, சென்னையிலோ ஹைதராபாத்திலோ உள்ள ஒரு கழகத்தில் உறுப்பினராகி, அங்குள்ள .22 ரைபிள்கள் பலவற்றைத் தோளில் வைத்துப் பார்த்த பின்னரே சொந்த ரைபிள் பற்றி எண்ணலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொது உரிமத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி இரண்டே. அந்த இரண்டில் ஓர் இடத்தைப் பாதி வழி ரைபிளுக்குக் கொடுத்துவிட்டால் மீட்பது எளிதன்று.

தொடக்கத்தில் குண்டுகூட வேண்டியதில்லை. வெற்றுச் சுவரில் புள்ளி ஒன்றை ஒட்டி, குறிபார்த்து, மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தி, அழுத்திய பின்னும் குறி அசையவில்லையா என்று பார்க்கும் பயிற்சியைப் பெரிய வீரர்களும் நாள்தோறும் செய்கிறார்கள். போட்டிக் காற்று ரைபிள்களில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. .22இல் இதை அப்படியே செய்துவிடக் கூடாது. தோட்டா இல்லாத அறையின் விளிம்பில் சுடுமுள் மோதி, பல ரைபிள்களில் அந்த விளிம்பே சிதைந்துவிடும். வெற்றுக் கூடு ஒன்றையோ அதற்கென விற்கும் போலித் தோட்டாவையோ உள்ளே இட்டுக்கொள்ள வேண்டும்.